தபித்தாளின் கூண்டு

அமெரிக்காவில் குடியேறிய ஆட்கள் காட்டை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த ஆரம்ப காலம். அங்கே குழந்தை தவழ்ந்தால் பெற்றவர்களுக்குத் தலைகுனிவு. நாலு காலில் போவது மிருகம்தானே என்பார்கள். அதனால் சின்னதாக ஒரு மரக்கூண்டு செய்வார்கள். நாலு கால், மேலே பலகை, பலகையில் வட்ட ஓட்டை. அதற்குள் குழந்தையை இறக்கிவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். உட்காரவும் முடியாது, தவழவும் முடியாது.

தச்சர் ஓபதியாவின் சீடன் நாத்தான், தன் பத்து மாத மகள் தபித்தாளுக்கு அப்படி ஒன்று செய்தான். ஒருநாள் காலையில் அவளைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு குருவின் பட்டறைக்கு வந்தான். குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

“ஐயா, மூணு நாளா இதே அழுகை. கூண்டில் என்ன குறைன்னு தெரியலை.”

“அதுக்கு ஏன் இப்படி ஓடி வர்றே?”

“இன்னிக்கு மாமியார் வர்றாங்க. பேத்தி இன்னும் தவழ்ந்தா, தன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் அவங்களே நிமிர்த்துவாங்களாம். என் மனைவி நேத்திலேருந்து சாப்பிடலை.”

ஓபதியா கூண்டைச் சுற்றி வந்தார்.

“ஓட்டையில் சிராய் இருக்கா?”

“மெழுகு போட்டுத் தேய்ச்சேன்.”

“கால் ஆடுதா?”

“ஆடலை.”

“அளவு?”

“ரெண்டு தடவை எடுத்தேன் ஐயா.”

“அப்போ ஆளை வெளியே எடு. உள்ளே ஆள் இருந்தா குறை எப்படித் தெரியும்?”

நாத்தான் மகளை மரச்சீவல்மேல் இறக்கினான். அழுகை நின்றது.

குரு மண்டியிட்டு, கையை ஊன்றி, கூண்டின் அடியைப் பார்த்தார். தபித்தாள் தவழ்ந்து வந்து அவர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“உனக்கு ஏதாவது தெரியுதாம்மா?” என்று அவளைக் கேட்டார்.

வீட்டில் பேத்தியைக் காணாமல் தேடி வந்த மாமியாரின் குரல் வாசலில் கேட்டது.

“நல்லா இருக்கு! கிழடு ஒண்ணு, குட்டி ஒண்ணு. ரெண்டும் நாலு காலில்! கொடுங்க அவளை, நான் கிளம்பறேன்.”

“வாங்கம்மா. நாத்தான், கூண்டை ஆடாமல் பிடிச்சுக்கோ.”

நாத்தான் பிடித்தான்.

தபித்தாள் கூண்டின் காலைக் கடித்துப் பார்த்தாள். இரண்டு கையாலும் பற்றினாள். விழுந்தாள். மறுபடி பற்றினாள். பலகையை எட்டிப் பிடித்து, கூண்டுக்கு வெளியே, தானாக நின்றாள். ஓட்டைக்குள் என்ன இருக்கிறதென்று குனிந்து பார்த்தாள்.

தூக்கிப்போக நீட்டிய மாமியாரின் கை அப்படியே நின்றது.

“அப்போ நான் செஞ்சது வீண்தானா ஐயா?” என்றான் நாத்தான்.

“ஏன் வீண்? இப்போதானே அது வேலை செய்யுது. நீ கையை எடுத்துடாதே.”