கை நனைக்காதவர்

"ஏனுங்கம்மா, இந்தத் தீவுல ஒருத்தருக்கும் என் உதவி வேண்டாமாட்ட இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

சந்தனமாரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை. புகைக்குக் கண்ணைச் சுருக்கினாளே தவிர, நிமிரவில்லை.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

"ஆச்சுங்க. என்னோடது இருக்குதுங்க."

தூக்குப்போசியை உயர்த்திக் காட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஊதினாள்.

புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மற்றபடி நின்றதெல்லாம் படுத்திருந்தது. தென்னை, வேலி, கூரை, கொடிக்கம்பம் எல்லாமே.

சென்னியப்பன் மழை எட்டிப் பார்க்காத மேற்குச் சீமைக்காரர். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. தோட்டத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். இனிமேல் தொண்டு செய்ய வேண்டும், முடிந்தால் கொஞ்சம் ஞானமும் தேட வேண்டும் என்று கிளம்பியவர்.

தார்ப்பாய்க்குக் கீழே ஊருக்கே சமைத்துப் போடும் ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவளிடம் போனவர்கள் வேறு ஆளாகத் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கடல் தாண்டி வந்தார். தன் மகள் வயதுக்காரியாக இருப்பாள் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை. வந்த அன்றே, "குழந்தையைக் குடுங்கம்மா, நான் வெச்சுக்கறேன்" என்றார்.

"இருக்கட்டும் அண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

அவருக்கு ஒரு விரதம் உண்டு. தொண்டு செய்யப் போகும் இடத்தில் கை நனைக்கக் கூடாது. கூரை பறிபோனவர்கள் சோற்றில் கை வைக்கலாமா? அதற்காகவே அவர் மனைவி பை நிறைய அவலும் பொரிகடலையும், போசி நிறைய எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"என்னைச் சீடனா ஏத்துக்குவீங்களா, மாட்டீங்களா? அதையாவது சொல்லிப்போடுங்கம்மா."

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சாயங்காலம் படகு கிளம்புது. அதுக்குள்ள இந்தத் தீவுல யாராச்சும் ஒருத்தர் உங்ககிட்ட ஒரு வேலை வாங்கிட்டா, இங்கேயே இருந்துக்கோங்க. இல்லைன்னா ஏறிடுங்க."

"எந்த வேலையா இருந்தாலும் சரிங்களா?"

"ஊசியில நூல் கோத்துக் குடுத்தாலும் சரி."

"இவ்வளவுதானுங்களா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் வீடு கித்தேரியம்மாவுடையது. கூரையே இல்லை. அந்த அம்மாள் நாலு சுவருக்கு நடுவே உட்கார்ந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் செபமாலை, வாயில் வெற்றிலை.

"வாங்க வாங்க! எங்க வீட்டுல இப்ப படுத்துக்கிட்டே நிலா பாக்கலாம். வேற எந்த மாளிகையில உண்டு?"

"நான் கீத்து வேஞ்சு தர்றேனுங்க."

"வேயலாம், வேயலாம். மொதல்ல உக்காருங்க. சூடா ரெண்டு துண்டு."

மீன் வாசம் மூக்கைப் பிடித்து இழுத்தது. சென்னியப்பன் எச்சிலை விழுங்கினார்.

"வேண்டாங்க. உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது பாருங்க."

கித்தேரியம்மாவின் சிரிப்பு சற்றே குறைந்தது.

"அப்ப சரிங்க. கீத்தை எம் மருமகன் வந்து பாத்துக்குவான்."

அடுத்து, கடற்கரையில் மீராசா. கப்பலில் சமையல்காரராக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவர். தலையில் பச்சைத் தொப்பி, தோளில் ஒரு சேவல். சேவலின் பெயர் கேப்டன். அவருடைய படகு பாதிக்குமேல் மணலில் புதைந்து கிடந்தது.

"மண்வெட்டியைக் குடுங்க பாய், தள்ளிப்போடறேன்."

"அதுக்கென்ன அவசரம்? இஞ்சி தட்டி ஒரு தேத்தண்ணி போடுறேன். கேப்டன், ஐயாவுக்கு சலாம் வை!"

கேப்டன் கூவியது.

"தேத்தண்ணி வேண்டாங்க. என்னோடது இருக்குதுங்க."

மீராசா தொப்பியைக் கழற்றி நெற்றியைச் சொறிந்தார்.

"எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காத மனுசன்கிட்ட மண்ணு அள்ளுன்னு எப்படிச் சொல்லுவேன்? எனக்கு நாக்கு வரலையே. நீரு என்ன கூலிக்கா வந்தீரு?"

"கூலியெல்லாம் வேண்டாங்க!"

"பாத்தியா கேப்டன், கூலியும் வேண்டாமாம், தேத்தண்ணியும் வேண்டாமாம். இவரை நான் எந்தக் கணக்குல சேக்கிறது?"

மண்வெட்டி வரவில்லை.

மூன்றாவது இடத்தில் பெரும் சத்தம். ஓரகத்திகளான பூரணத்துக்கும் ராக்குவுக்கும் இடையில் இருந்த சுவர் புயலில் விழுந்துவிட்டது. இத்தனை காலமும் சுவருக்கு அந்தப்புறமிருந்து வந்த வசவு இப்போது நேராகவே முகத்தில் வந்து விழுந்தது.

"இந்தக் கல்லையெல்லாம் நான் அடுக்கித் தரட்டுங்களா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

"வாங்கண்ணே, மொதல்ல எங்க வீட்டுக் கஞ்சி ஒரு வாய் குடிங்க" என்றாள் பூரணம்.

"அவ கஞ்சியில உப்பே இருக்காது. இங்க வாங்க" என்றாள் ராக்கு.

"உங்கிட்ட தொட்டுக்க என்னடி இருக்கு? வாய்தானே இருக்கு!"

சென்னியப்பன் இரு கைகளையும் கூப்பினார். "ரெண்டும் வேண்டாங்க. எனக்கு ஆச்சுங்க."

சட்டென்று சத்தம் நின்றது. ஓரகத்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியாடி? நம்ம ரெண்டு பேர் கஞ்சியும் ஆகாதாம்."

"ஆமாக்கா. அரமனையிலேருந்து வந்திருக்காரு போல."

"நீ அந்தக் கல்லோட தலையைப் புடி, நான் காலைப் புடிக்கிறேன்."

இரண்டு பேரும் சேர்ந்து கல்லைத் தூக்கினார்கள். அவரை நகரச் சொல்லித்தான் கேட்டார்கள். நகர்ந்துகொண்டார்.

ஒரு சண்டையைத் தீர்த்து வைத்தோமே, அது வேலையில் சேருமா என்று போகிற வழியில் யோசித்துப் பார்த்தார். சேரும் என்று அவருக்கே தோன்றவில்லை.

வெயில் சாய்ந்தது. படகுத்துறையில் மூட்டையை வைத்துவிட்டு நின்றார். படகுக்காரன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான்.

சந்தனமாரி வந்தாள். காலையில் இருந்த இடுப்பிலேயே குழந்தை இருந்தது.

"கிளம்பியாச்சா அண்ணே?"

"ஆமாங்கம்மா. வேலை கிடைக்கலைங்க. ஆனா வருத்தமில்லைங்க, இப்படிப்பட்ட சனங்களைப் பாத்தனே, அதுவே போதுமுங்க."

அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவராகப் போசியைத் திறந்தார். இரண்டு எள்ளுருண்டைகளை எடுத்து நீட்டினார்.

"ஊட்டுக்காரி புடிச்சதுங்க. உங்களுக்கு ஒண்ணு, குழந்தைக்கு ஒண்ணு."

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"வேண்டாங்க. என்னோடது இருக்குதுங்க."

"அட, ஒண்ணே ஒண்ணுங்கம்மா."

"உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது பாருங்க."

"பாரமா! என்னுங்கம்மா இப்படிச் சொல்றீங்க? எள்ளை வறுத்து, புடைச்சு, உரல்ல இடிச்சு, எனக்குன்னு அவ ராவெல்லாம் உக்காந்து..."

ஓர் எள்ளுருண்டைக்காக இந்த வயதில் கண் கலங்குகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

குழந்தை எட்டிக் கை நீட்டியது. சந்தனமாரி அந்தக் கையை மெல்லப் பிடித்து மடக்கினாள்.

சென்னியப்பனின் கை நீட்டியபடியே நின்றது.

தன் கையைப் பார்த்தார். தோப்புக்கு அந்தப் பக்கம் கித்தேரியம்மா வீட்டிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கேயோ கேப்டன் நேரங்கெட்ட நேரத்தில் கூவியது.

"பெரியவரே, ஏறுறீரா இல்லையா?" என்று படகுக்காரன் கத்தினான்.

சென்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கை மட்டும் இறங்கவில்லை.

"நீ போப்பா" என்றார் படகுக்காரனிடம்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, பசிக்குதுங்க."

சந்தனமாரி ஓர் எள்ளுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைக் குழந்தையின் கையில் வைத்தாள். மென்றுகொண்டே குழந்தையை இடுப்பிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"தூக்கிட்டு வாங்க அண்ணே. காலையிலேருந்து இடுப்பு விட்டுப்போச்சு."