காது வைத்த மூடி

"அம்மா, மருந்தை இரட்டிப்பாக்கலாமா?"

கேட்டவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தாறு. லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு மருந்து படிக்க வந்தவர். சொல்லிக்கொடுக்கும் வைத்தியர் செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எங்க மாசானம் சித்தப்பாவுக்கு. எட்டுப் பேருக்கு ஒரே சூரணம்தான் குடுத்தேன். ஏழு பேருக்கு இளைப்பு குறைஞ்சிருக்கு. இவருக்குக் கூடிக்கிட்டே போகுது. நாலு எட்டு நடக்க முடியல. எனக்குப் பயமா இருக்கும்மா."

"மருந்தை ஒழுங்கா சாப்பிடுதாரா?"

"மூணு வேளையும் சாப்பிடுதேன்னு சொல்லுதாரு."

செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தார்.

"மருந்தை எதுல குடுத்தீங்க?"

ஆவுடையப்பனுக்கு அந்த வருத்தத்திலும் முகம் பளிச்சென்றது. இதைக் கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தாரோ.

"நானே கடைஞ்ச அலுமினிய டப்பாம்மா. வயசானவங்களுக்குன்னே செஞ்சது. பிடிச்சுத் திருக மூடியில ரெண்டு பக்கமும் காது வச்சிருக்கேன். மரை அவ்வளவு சுத்தம். காத்து புகாது, எறும்பு புகாது."

"திறக்க வருதாமா?"

"எட்டுப் பேரையும் கேட்டுட்டேன். எல்லாரும் அருமைன்னுட்டாங்க. சித்தப்பா, இந்த மாதிரி மூடி கடையிலகூடக் கிடைக்காதுன்னாரு."

"செஞ்சவரே போய்க் கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? டப்பாவை எல்லாம் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் ஆவுடையப்பன் வீடு வீடாகப் போய்க் கோணிப்பையை விரித்துப் பிடித்தார். மருந்து முடிந்தது என்று அவரவர் உள்ளே போட்டார்கள். பை வந்து சேர்ந்ததும், அதைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தவர் செண்பகவல்லிதான். ஆவுடையப்பனைத் தொடவிடவில்லை.

"பாருங்க."

பார்த்தார்.

ஒரு மூடியின் காதில் பல் பதிந்திருந்தது. இரண்டில் பாக்குவெட்டியால் கவ்விய தடம். ஒன்று கதவிடுக்கில் வைத்துத் திருகி நசுங்கியிருந்தது. இரண்டைக் கத்தி நெம்பிக் கிழித்திருந்தது. இன்னொருத்தர் மூடியோடு வம்பே வேண்டாமென்று ஆணியடித்து ஓட்டை போட்டு, உப்புத் தூவுகிற மாதிரி தூவிச் சாப்பிட்டிருக்கிறார்.

இவர்கள்தான் அருமை என்றவர்கள். ஆவுடையப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசி டப்பாவில் கண் நின்றது. ஒரு கீறல் இல்லை. மூடி புதுசாக மின்னியது.

"அம்மா, இதைப் பாருங்க. ஒருத்தராவது சிரமமில்லாம திறந்திருக்காங்க."

"எடுங்க."

எடுத்தார். கனத்தது.

யார் மருந்து என்று குழம்பாமலிருக்க அடியில் அவரே பெயர் எழுதியிருந்தார். திருப்பிப் பார்த்தார். மாசானம் சித்தப்பா.

ஆவுடையப்பன் டப்பாவை வைத்தியரிடம் நீட்டினார்.

"கேட்டிருந்தா நான் திறந்து குடுத்திருப்பேனே. ஏம்மா அவரு சொல்லல?"

செண்பகவல்லி டப்பாவை வாங்கினார். சேலைத் தலைப்பால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை திருகிய பிறகே மூடி கழன்றது. மூடியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திறந்த டப்பாவை அவரிடம் நீட்டினார்.

"ஓடுங்க. ஒரு வேளை அளவு மட்டும் குடுங்க, இரட்டிப்பாக்க வேண்டாம். மூடியைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுராதீங்க."