மேலத்தெருவில் செருப்பு

ஊர் எல்லைப் பாலம் வந்ததும் பேச்சிமுத்து நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அம்மா, இன்னையிலருந்து நானும் உங்களை மாதிரி வெறுங்கால் விரதம்."

தாயம்மாளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர் பேச்சிமுத்து அவரைவிட மூத்தவர். ஆனாலும் குரு குருதான். வட்டாரத்தில் பெரியவர், சின்னவர் எல்லாருக்குமே அவர் 'அம்மா'. செருப்பைத் துறந்து வெகுகாலம் ஆகிறது. கரிசல் காடோ தார்ச்சாலையோ, வெறுங்கால்தான்.

"நல்ல விரதம் அண்ணாச்சி. மேலத்தெருவைத் தாண்டினதும் ஆரம்பிங்க."

பேச்சிமுத்து கழற்றிய செருப்பையே குனிந்து பார்த்தார்.

அவர் பிறந்த காலனிக்கு மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் காலனி ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது வழக்கம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நடந்தார். இன்றைக்குத் தங்கை மகள் பூரணத்துக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மணையில் உட்காருவாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள்தான் இந்தச் செருப்பை வாங்கி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு சேதியும்: 'கால்ல போட்டுட்டு வாங்க மாமா. கையில தூக்கிட்டு வர்றதா இருந்தா வரவே வேண்டாம்.'

"அடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா கல்யாணம் நின்னுபோகுமேம்மா."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க. விரதம்னு சொல்லாதீங்க."

பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மேலத்தெருவில் கால் வைத்ததுமே டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, நம்ம பேச்சியா அது? காலு மெத்தையிலல்லா நடக்கு!"

பெஞ்சே சிரித்தது. பண்ணையார் குற்றாலிங்கம் எழுந்து வந்து வழியை மறித்தார். அம்மாவைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"அம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பம்லா!" பேச்சிமுத்து பக்கம் திரும்பியதும் குரல் மாறியது. "கழத்துல."

பேச்சிமுத்துவின் பெருவிரல் தானாகவே வாரிலிருந்து நழுவப் பார்த்தது. இறுக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போறார்" என்றார் அம்மா.

"அண்ணாச்சியா? இவனா? நீங்களே வெறுங்கால்ல வாரீய. குருவுக்கு இல்லாத செருப்பு சீடப்பயலுக்கு எதுக்கு?"

பெஞ்சில் தலைகள் ஆடின. நியாயம்தானோ என்று பேச்சிமுத்துவுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது.

"சரியாச் சொன்னீங்க" என்றார் அம்மா. "குருவுக்கும் வேணும். உங்க செருப்பைக் கொடுங்க."

பண்ணையார் பூரித்துப்போனார். தன் செருப்பை அம்மா வாயால் கேட்டு வாங்குவதென்றால் சும்மாவா? துண்டால் தூசி தட்டி, அவர் காலடியில் வைத்தார். அம்மா காலை நுழைத்துக்கொண்டார். ரொம்பப் பெரிசு. சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டே நடந்தார். பக்கத்தில், செருப்புக் காலோடு பேச்சிமுத்து.

அவர்கள் பாதித் தெருவைத் தாண்டிய பிறகுதான் பண்ணையாருக்கு உறைத்தது. பங்குனி வெயில். தார் கொதித்தது. மேலத்தெருவில் வெறுங்காலோடு நிற்பது அவர் ஒருவர்தான்.

"உங்க விரதம் போச்சேம்மா" என்று கிசுகிசுத்தார் பேச்சிமுத்து.

"கழட்டினதும் நான்தான், மாட்டினதும் நான்தான். உங்களை அப்படியா விட்டாங்க?"

பேச்சிமுத்து செருப்புக் காலை அழுத்தி வைத்து நடந்தார்.

கல்யாண வீட்டு வாசலுக்கு ஓடிவந்த பூரணம் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். மணப்பெண் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்தாள்.

பந்தலுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. இருவரும் அதிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். தாய்மாமன் மாலை விழுந்தது. தாலி ஏறியது.

பந்தியில் உட்காரும்போது பண்ணையார் வீட்டு ஆள் மூச்சிரைக்க வந்து பந்தலுக்கு வெளியே நின்றான்.

"அம்மா, பண்ணையார் செருப்பை வாங்கிட்டு வரச் சொன்னாரு."

பழக்கதோஷத்தில் பேச்சிமுத்து சட்டென்று எழுந்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. இலை போட்டாச்சு" என்ற அம்மா, வந்தவனைப் பார்த்தார்.

"எல்லார் செருப்போடயும்தான் கிடக்கு, தம்பி. அவரையே வந்து தேடி எடுத்துக்கச் சொல்லுங்க."