சூரியனில் ஐந்தாவது புள்ளி

மலை உச்சியில் இருந்த அந்த வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அமலோற்பவம். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்காமல் அந்தத் துறையில் யாரும் கால் வைக்க முடியாது. ஆனால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் சூரியனைப் பற்றிக் கேட்பதே இல்லை. "ஒரு பெண்ணாக இருந்துகொண்டு எப்படிம்மா சமாளித்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அன்று காலை அவருடைய சொந்த மாணவி சங்கரவடிவே அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கிரகணம் பார்க்கப் போற குழுவுலேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க மேடம். ஆம்பளைங்களோட பாலைவனத்துல போய்த் தங்கறது எனக்குப் பாதுகாப்பு இல்லையாம்."

"குழுத்தலைவர்கிட்ட நீ என்ன சொன்னே?"

"சரி சார்னுட்டு வந்துட்டேன்."

அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்க எடுத்துட்டுப் போற கருவியைச் செஞ்சதே நான்தான். வயிறு எரியுது மேடம். நீங்க எப்படித்தான் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டீங்க? அந்தப் பொறுமையை எனக்கும் சொல்லிக் குடுங்க."

"பொறுமையா? எனக்கா? முதல்ல போய் இன்னைக்குச் சூரியனை வரை. வேலை நேரத்துல வந்து புலம்பிக்கிட்டு!"

அங்கே தினமும் காலையில் சூரியனை வரைய வேண்டும். தொலைநோக்கி வழியாக வரும் சூரிய பிம்பத்தை ஒரு தாளில் விழச் செய்து, அதில் தெரியும் புள்ளிகளைப் பென்சிலால் குறிப்பார்கள். மேகம் மூடினால் ஒழிய அந்த வேலைக்கு விடுமுறை கிடையாது.

சங்கரவடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு புள்ளிகளைக் குறித்தாள். ஐந்தாவதைக் குறிக்கப் போனவளுக்குச் சந்தேகம் வந்தது. தொலைநோக்கியின் கண்பக்க வில்லையான ஐபீஸை லேசாகத் திருகிப் பார்த்தாள். நாலு புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்தாவது மட்டும் ஐபீஸோடு சேர்ந்து சுற்றியது.

"இது சூரியன்ல இல்ல மேடம். ஐபீஸ்ல தூசி."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நாலுதான்."

பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அமலோற்பவம்.

"முடிஞ்சுது."

"அந்தத் தூசி?"

"தூசின்னுதான் எனக்குத் தெரியுமே மேடம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

அவ்வளவுதான், அமலோற்பவத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எனக்கு இங்க வேலை தர மாட்டேன்னப்ப என்ன காரணம் சொன்னாங்க தெரியுமா? பொம்பளைக்குக் கக்கூஸ் இல்லையாம்."

"ஐயோ! என்ன பண்ணீங்க?"

"கட்டுங்கன்னேன். டைரக்டர் ரூம் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். தினமும் அந்த மனுஷன் என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும், வெளிய வரணும். சுவர் எழும்பின பிறகுதான் நான் எழுந்தேன். அதுக்குப் பேரு பொறுமையாடி?"



அமலோற்பவம் ஒரு மெல்லிய துணியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"தூசின்னு உனக்குத் தெரியும், சரி. நாளைக்கு இதே இடத்துல வந்து நிக்கப்போற பொண்ணுக்கு யார் சொல்லுவா? அவ இதையும் சூரியன்ல இருக்கற கறைன்னு நினைச்சு வரைஞ்சுட்டுப் போவா. துடை. துடைச்சுட்டு உன் குழுத்தலைவர் ரூமுக்குப் போ. சீக்கிரம் போ, அவர் சாப்பிடக் கிளம்பிடப் போறார்."