வரப்பாக உட்கார்ந்த குழு

கொம்பனூர் மலைநாட்டு ராஜா வீரவல்லபர் ஒருநாள் அரண்மனைக் குளத்தில் முங்கி எழுந்தார். வெள்ளை வேட்டி காவி வேட்டியாகியிருந்தது. மழை பெய்தால் மலைச்சரிவு மண்ணெல்லாம் கரைந்து குளத்துக்குத்தான் வருகிறது என்றார்கள். உடனே ஏழு பேரைக் கொண்டு மண் காப்புக் குழு அமைத்தார். 'மண் எங்கே ஓடுகிறதோ, அங்கே குழு இருந்து தடுக்க வேண்டும்' என்பது ஆணை. தலைவர் அம்பலவாணர்.

குழு அரண்மனையில் கூடியது. உட்காரும் மெத்தை கடினமாக இருக்கிறது என்று தீர்மானித்துக் கலைந்தது. மறுபடி கூடியது. பணியாரத்தில் நெய் போதவில்லை என்று கண்டுபிடித்தது. மண் தன்பாட்டுக்குக் குளத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சரிவில் தினை விதைக்கும் நல்லக்காள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் நிலத்தின் குறுக்கே கல்வரப்பு கட்டிவிட்டாள். அவள் நிலத்து மண் ஓடாமல் நின்றது. குழுவுக்குக் கோபம் வந்தது.

"யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்றார் அம்பலவாணர்.

"உங்களைக் கேக்கத்தான் வந்தேன் சாமி. குழு இன்னைக்குக் கூடலைன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க."

"கூடாத குழுவிடம் கேட்டது கேட்டதாகாது. வரப்பைப் பிரி. நிலம் இனி அரண்மனைக்கு."

நல்லக்காள் சபைக்கு ஓடினாள். "மகாராஜா, அந்த நிலம் போச்சுன்னா என் பிள்ளைங்க வாயில மண்ணுதான்!"

ராஜா தலையைச் சொறிந்தார். "குழு சொன்னதை நானே மீறினால் குழு எதற்கு அம்மா?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளாக யோசிக்கிறேன் மகாராஜா," என்று எழுந்தான் சபையின் விகடன் வில்லவன். "ஆனாலும் குழுவின் சொல் நிற்க வேண்டும். வரப்பைப் பிரிக்கட்டும்."

அம்பலவாணர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனால் வானம் கறுத்திருக்கிறது," என்றான் வில்லவன். "வரப்பைப் பிரித்தால் மண் ஓடும். மண் ஓடும் இடத்தில் குழு இருந்து தடுக்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. ஆகவே வரப்பு இருந்த இடத்தில் குழு இருக்கட்டும்."

அம்பலவாணரின் கை மீசையிலேயே நின்றது. ராஜாவின் கண் மின்னியது. "நியாயம்தானே!"

ராஜாவே சபையோடு சரிவுக்கு வந்து நிற்க, கல் அகன்றது. குழு அமர்ந்தது. ஏழு பேரும் தோளோடு தோள் ஒட்டி, மேட்டுப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். இடையில் சந்து விடக் கூடாது என்று வில்லவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

மழை பிடித்துக்கொண்டது. சேறு முதலில் தரையில் தொங்கிய பட்டு அங்கவஸ்திர நுனியைத் தொட்டது. பிறகு இடுப்புக்கு வந்தது.

"மகாராஜா!" என்று அலறினார் அம்பலவாணர். "கல்லைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்!"

குடைக்குள்ளிருந்து வில்லவன் கேட்டான்: "அதற்குக் குழுவின் அனுமதி வேண்டுமே ஐயா?"

"கொடுத்தோம்!"

"குழு கூட வேண்டாமா?"

"இதைவிட எப்படியப்பா நெருங்கிக் கூடுவது? நிலம் அவளுக்கே! வரப்பும் அவளுக்கே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து மணிமாலையைக் கழற்றி வில்லவனுக்குப் போட்டார். நல்லக்காள் ஓடிப்போய்க் கல்லை அடுக்கினாள்.

"வில்லவா, இந்தக் குழுவைக் கலைத்துவிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! இன்றைக்குத்தான் முதல்முறையாக மண்ணைத் தடுத்திருக்கிறார்கள். அப்படியே தூக்கி அடுத்த நிலத்தில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே இன்னும் வரப்பு கட்டவில்லை."