வணிகரின் இரண்டு கன்னங்கள்

கடல் உப்புக் கரிக்கிறதென்று யாரும் குறை சொல்லாத காலம் அது. அந்தக் காலத்தில் கரிசல்கோட்டை என்று ஓர் ஊர். அதற்கு வீரமல்லர் என்று ஒரு ராஜா. ராஜாவுக்கு வீரத்தில் குறைவில்லை. கன்னத்தில்தான் கொஞ்சம் குறை. இரண்டு கன்னத்திலும் கருகருவென்று மங்கு.

ஆனால் ஊரில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியாது. ஒப்பனைக்காரி பேச்சியக்காளின் கைத்திறம் அப்படி. தினம் காலையில் முகப்பூச்சைக் குழைப்பாள். கடற்பஞ்சை நனைத்துப் பிழிவாள். ஒத்தி ஒத்தி எடுப்பாள். பூசினதே தெரியாது. அந்தப் பஞ்சு மீன்வலையில் சிக்கி வருவது. ஒரு படி உப்புக் கொடுத்தால் மீனவர்கள் மூன்று தருவார்கள்.

நவராத்திரிக்கு நாலு நாள் முன்பு பவளமுத்து என்றொரு வணிகர் சபைக்கு வந்தார். வெள்ளிப் பேழையைத் திறந்தார். உள்ளே பட்டுமெத்தை. மெத்தைமேல் ஒரு பஞ்சு. சபை முழுக்க அத்தர் மணந்தது.

"இது ஏழு கடல் தாண்டி வந்தது மகாராஜா. ஒரு பஞ்சுக்கு ஒரு பசுவும் கன்றும் விலை. மீன் நாத்தம் அடிக்கிற பஞ்சையா ராஜமுகத்தில் வைப்பது?"

"மீன் நாத்தமா?" ராஜா தன் கன்னத்தைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்.

மந்திரிகள் எல்லாரும் ஒரே குரலில், "வணிகர் சொல்வதுதான் சரி!" என்றார்கள். ஏன் சொல்லமாட்டார்கள்? முந்தின நாளே ஆளுக்கொரு வெள்ளிப் பேழை வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்படியானால் பேச்சி, நாளைக்கு இரண்டு பஞ்சையும் சோதிப்போம். அவருடையது உசத்தி என்று தீர்ப்பானால் ஒப்பனைப் பெட்டியை அவருடைய ஆளிடம் கொடுத்துவிட்டு நீ கிளம்பலாம்" என்றார் ராஜா.

அது பேச்சியக்காள் இருபத்தோரு வருஷம் சுமந்த பெட்டி. தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களோ அந்த மந்திரிகள். நேராகச் சொக்காண்டியிடம் போனாள். சொக்காண்டி ராஜாவைச் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவன்.

"தம்பி, என் பொழப்பு போச்சுடா."

"எங்கக்கா போகும்? இங்கதான் இருக்கும். நீ ஒண்ணே ஒண்ணு செய். எந்தப் பஞ்சுக்காரர் எப்படிச் சொல்றாரோ அப்படியே பூசு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

மறுநாள் சபை கூடியது. சொக்காண்டி முன்னால் வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, பஞ்சைப் பற்றி மந்திரிமார்களுக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் ஒருவரே. பவளமுத்து ஐயாவே தீர்ப்புச் சொல்லட்டும்."

பேச்சியக்காளுக்குப் பகீரென்றது. 'பாவி! கழுத்தைக் கொண்டுபோய்க் கத்தியிடமே கொடுக்கிறானே!'

வணிகருக்கு வாய் காதுவரை போனது. "தாராளமாக!"

"ஐயா முகத்திலேயே பூசிப் பார்க்கலாம். கன்னத்துக்கு ஒரு பஞ்சு. கண்ணை மட்டும் கட்டிக்கொள்ளணும். உங்க பஞ்சைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கண் எதற்கு?"

"கண்ணே வேண்டாம்!" என்று வணிகர் உட்கார்ந்தார். "ஒன்று மட்டும். என் பஞ்சில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அத்தர் வாசம் போய்விடும்."

"அப்படியே ஆகட்டும்" என்று கண்ணைக் கட்டினான் சொக்காண்டி. இரண்டு பஞ்சிலும் அதே அத்தரை ஒரு சொட்டு விட்டான்.

பேச்சியக்காள் வலது கன்னத்தில் வணிகருடைய பஞ்சை உலர்ந்தபடியே வைத்தாள். அது பூச்சில் பாதியைத் தானே குடித்துவிட்டு, மீதியைத் திட்டுத் திட்டாகத் துப்பியது.

"ஐயோ, சொரசொரங்குதே! இது உப்புக்கு வாங்கினதுதானே?" என்றார் வணிகர்.

ஒரு மந்திரி பலமாக இருமினார்.

"மந்திரியாருக்குப் பனங்கற்கண்டு கொடுங்கப்பா" என்றான் சொக்காண்டி. "ஒன்று போதாது, வாய் நிறைய."

அடுத்து இடது கன்னம். நனைத்துப் பிழிந்த பஞ்சு.

"ஆகா! குளுகுளுன்னு, மெத்துமெத்துன்னு! இதுதானய்யா என் பஞ்சு!"

கட்டை அவிழ்த்துக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். இடது கன்னம் தாமரை இதழாட்டம் இருந்தது. வலது கன்னம் மழை நனைத்த வெள்ளைச் சுவராட்டம் இருந்தது.

"சந்தேகமே இல்லை" என்றார் வணிகர். "இடதுதான் என்னுடையது."

"அப்போ அந்த மட்டமான பூச்சு உங்க முகத்தில் எதுக்கய்யா? துடைத்துப் போடுங்க!" என்று ஈரத்துணியை நீட்டினான் சொக்காண்டி.

வணிகர் வாங்கி வலது கன்னத்தை வரட்டு வரட்டென்று தேய்த்தார். பொட்டுப் பூச்சு மிச்சமில்லை.

அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த ராஜா வெடித்துவிட்டார். "ஓய்! நீர் துடைத்தது ஒரு பசுவும் கன்றுமய்யா!"

வணிகர் சபையைப் பார்த்தார். மந்திரிகள் உத்தரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன வெள்ளிப் பேழைகளைப் பற்றிச் சொக்காண்டி ராஜாவின் காதில் ஓதினான்.

"ஏன் பேச்சி, அவர் பஞ்சையும் நனைத்திருந்தால்?" என்று கேட்டார் ராஜா.

"என்னோடது மாதிரியே இருந்திருக்கும் மகாராஜா. ரெண்டும் கடல்ல வளர்ந்ததுதானே."

"அப்படியா! பெட்டி உன்னிடமே இருக்கட்டும். சொக்காண்டிக்கு ஒரு பட்டுச் சால்வை. மந்திரிகளின் வெள்ளிப் பேழைகளைப் பேச்சியிடம் கொடுங்கள். அதில் பஞ்சையெல்லாம் நனைத்துக்கொள்ளட்டும்."

வணிகர் தன் பேழையை மூடிக்கொண்டு வாசல்வரை போனார். வெளியே கடைவீதியில் நவராத்திரிக் கூட்டம் அலைமோதியது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு கன்னம் தாமரை. மறு கன்னம் தேய்த்த தேய்ப்பில் சிவந்து கிடந்தது. மெல்லத் திரும்பி வந்தார்.

"அக்கா... இந்தக் கன்னத்திலயும் கொஞ்சம்..."

பேச்சியக்காள் பெட்டியைத் திறந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "எந்தப் பஞ்சால ஐயா?"

வணிகர் அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உப்புக்கு வாங்கினீங்களே, அதால."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிப் போனது. பேச்சியக்காள் பஞ்சை நனைத்தாள், பிழிந்தாள், நிதானமாக ஒத்தி எடுத்தாள். இரண்டு கன்னமும் பளபளக்க வணிகர் படியிறங்கிப் போனார்.