ராசா வழி கேட்பதில்லை

தும்பைநல்லூர் ராசாக்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. நாடே தன்னுடையதாக இருக்க, அது எந்தப் பக்கம் போகிறது என்று இன்னொருவனைக் கேட்பது இழுக்கு. கேட்பது மட்டுமல்ல, யாரும் தானாக முன்வந்து சொல்லவும் கூடாது. சொன்னால் நாடு கடத்தல். ஏழு தலைமுறையாக இதுதான் வழக்கம்.

அதனால் கடம்பராயர் வெளியே கிளம்பினால் பல்லக்குக்குள் ஒரு துணிப்படம் இருக்கும். நாட்டின் பாதை, பாலம், கோயில், சாவடி எல்லாம் அதில் உண்டு. வரைந்தவன் தாண்டவன். அவனைச் சபைக்குக் கூட்டி வந்தவன் சீராளன். அரசருக்கு வேடிக்கை பேசுவதும் யோசனை சொல்வதும் சீராளனுடைய வேலை. படத்தைக் கொடுத்த அன்று தாண்டவன் ஒரு வாக்கும் கொடுத்திருந்தான். “ஆயுள் முழுக்க இதைத் திருத்திக் கொடுப்பேன், மகாராஜா. வருஷம் ஒருமுறை, தை மாதத்தில்.”

இந்த ஐப்பசியில் கடம்பராயர் மைத்துனன் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார். பாதி வழியில் பல்லக்கு நின்றது.

“ஏன் நின்றீர்கள்?”

பல்லக்குக்காரர்கள் பேசவில்லை. எதிரே ஏரி. சென்ற ஆடியில் வெட்டியது. வெட்டச் சொன்னதே கடம்பராயர்தான். ஆனால் அந்த ஆணை ஓலையில் இருந்தது. படத்தில் பாதை இருந்தது.

“படத்தில் நேராகப் போகிறது. நேராகப் போங்கள்.”

நேராகப் போனார்கள். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறியது. அரசரின் பட்டு நனைந்ததும் ஊர்வலம் திரும்பியது. முகூர்த்தம் தவறிப்போனது.

மறுநாள் சபையில் தாண்டவன் கைகட்டி நின்றான். அவனுடைய வலது கையை வெட்டுவது என்று அரசர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

“தை பிறக்கட்டும், திருத்திக் கொடுக்கிறேன் என்றுதானே சொன்னேன், மகாராஜா?”

“உன் தை பிறப்பதற்குள் என் ஆயுள் முடிந்திருக்கும்.”

படையை நடத்தும் தளவாய் திருமேனி மீசையைத் தடவிக்கொண்டார். அவருடைய மைத்துனன் ஒருவன் சுமாராகப் படம் வரைவான். வேலை இல்லாமல் இருந்தான்.

சீராளன் தாண்டவனின் கையைப் பார்த்தான். விரல் இடுக்கில் பச்சை மை இன்னும் போகவில்லை. ‘நான் கூட்டி வந்த கை’ என்று நினைத்துக்கொண்டான். பிறகு எழுந்தான்.

“தண்டனை சரிதான். படம் தப்பு என்பதை மட்டும் நிரூபித்துவிடலாம்.”

“நான் நனைந்தது போதாதா?” என்றார் அரசர்.

“ஏரி வழி தவறி வந்திருக்கலாம், மகாராஜா. சரியான பாதை எது என்று தெரிந்தால்தானே படம் தப்பென்று சொல்ல முடியும்?”

“இது ஒரு கேள்வியா, ஓய்?” என்றார் தளவாய். “மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும்.”

“எனக்குத் தெரியாது. தளவாய் சொல்லலாம். என்னிடம் வேண்டாம், தீர்ப்பு மகாராஜாவுடையது. அவரிடம் சொல்லுங்கள்.”

தளவாய் அரசரைப் பார்த்துத் திரும்பினார். “கரையடி மண்டபத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், மகாராஜா. கரை மேலேயே போனால் மதகு. மதகைத் தாண்டி வலப்பக்கம். அங்கிருந்து கல்யாண வீடு கூப்பிடு தூரம்.”

“தெளிவாகச் சொன்னீர்கள்,” என்றான் சீராளன். ஓலை எழுதுகிறவரைப் பார்த்தான். “ஐயா, ராசாவுக்கு வழி சொன்னால் என்ன தண்டனை?”

ஓலைக்காரர் தலை நிமிராமல் சொன்னார். “நாடு கடத்தல்.”

தளவாயின் கை மீசையிலேயே நின்றது.

“உண்மையைச் சொன்னதற்கா?” என்றார்.

“பல்லக்குக்காரர்களுக்கும் அதே உண்மை தெரியும். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோதும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் காய்ந்த தரையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டீர்கள்.”

கடம்பராயர் தளவாயைப் பார்த்தார். “இவரை அனுப்பிவிட்டால் படையை யார் நடத்துவது? அனுப்பாவிட்டால் வழக்கம் என்ன ஆவது?”

“இன்று ஒருநாள் இருவரையும் மன்னித்துவிடலாம். ஒரே ஓலை போதும்.”

“அப்புறம் நான் எப்படிப் போவேன்? அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் வளைகாப்பு.”

“தாண்டவன் ஆயுள் முழுக்கத் திருத்துகிறேன் என்றானே. பல்லக்குக்கு முன்னால் நடந்துகொண்டே திருத்தட்டும். அவன் ராசா இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பான், வரைவான். மகாராஜா படத்தைப் பார்ப்பீர்கள். அதற்கு அவனுக்கு வலது கை வேண்டும்.”

“அவனிடம் சொல்கிறவர்கள் பேச்சு என் காதில் விழுமே?”

“விழும். விழாதது போல் இருப்பது மகாராஜாவால்தான் முடியும்.”

கடம்பராயர் முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தளவாயும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த மாதம் பல்லக்கு புறப்பட்டது. சீராளனும் கூடவே நடந்தான். வழி இரண்டாகப் பிரியும் ஒரு கவட்டுப் பாதையில் தாண்டவன் நின்றான். புல்லுக்கட்டுடன் வந்த ஒருத்தியை விசாரித்தான்.

“இடப்பக்கமாப் போங்க சாமி,” என்று அவள் வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “வலப்பக்கம் எல்லைக்குப் போற பாதை. பாலம் உடைஞ்சு கெடக்கு.”

திரைக்குள் சத்தமில்லை. தாண்டவன் ஒரு பாலத்தை அழித்தான். பச்சையில் ஒரு கோடு இழுத்தான். மை காயும்வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள். பிறகு படம் உள்ளே போனது.

“இடப்பக்கம்!” என்று ஆணை வந்தது. “இந்த நாட்டில் என்னைப்போல் வழி தெரிந்தவன் எவன் இருக்கிறான்?”

பல்லக்கு இடப்பக்கம் திரும்பியது. புல்லுக்கட்டுக்காரி சீராளனைப் பார்த்தாள்.

“அதைத்தானய்யா நானும் சொன்னேன்?”

“மெதுவாகப் பேசு, அம்மா,” என்றான் சீராளன். “நாடு கடத்திவிடுவார்கள். எல்லைக்குப் போகப் பாலம்கூட இல்லை.”